எழுபத்து நாலில் வயிற்றில் இருந்தவர்கள்

ஊவாவில் பசறை, லுணுகலை, நமுனுகுலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் பிறந்த ஆண்டைக் கேட்டால், சிலர் ஆண்டைச் சொல்வதில்லை. "சிறிமா காலத்துப் பஞ்சத்துல பொறந்தவ" என்பார்கள். சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமராக இருந்த 1973, 74. உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேறி, கப்பலில் வரும் அரிசியும் மாவும் சுருங்கி, கூப்பன் குறைந்த காலம். நாட்டுப்பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் வயலோ மரவள்ளிக் கொல்லையோ ஒரு பலாமரமோ இருந்தது. லயத்தில் இருந்தவர்களுக்கு ஒரு காம்பரா, முன்னால் ஒரு கான், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. தேயிலையைத் தின்ன முடியாது. தோட்டங்களில் சாவு கூடியது. பெரியவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையக நகரங்களில் கையேந்தினார்கள். இந்தியாவுக்குப் போக மனுப் போட்டுவிட்டுத் தயங்கிக்கொண்டிருந்த பலர் அந்த ஆண்டுகளில்தான் பெட்டியைக் கட்டினார்கள்.

அந்தப் பஞ்சத்தில் செத்தவர்களைப் பற்றிக் கொஞ்சமாவது எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது சாகாதவர்களைப் பற்றி, அதிலும் அப்போது தாய் வயிற்றில் இருந்தவர்களைப் பற்றி. அவர்களுக்கு இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிரஷர், சீனி வருத்தம், நெஞ்சுவலி என்று கிளினிக் கொப்பியோடு ஆஸ்பத்திரி வரிசையில் உட்காரும் வயது. அந்தக் கொப்பியில் எழுதியிருக்கும் வருத்தத்துக்கும் 1974இல் அவர்களுடைய அம்மா சாப்பிட்ட, அல்லது சாப்பிடாத சாப்பாட்டுக்கும் தொடர்பு உண்டா? 1980களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான டொக்டர்கள் சிரித்திருப்பார்கள். மாரடைப்பு என்றால் கொழுப்பு, புகை, வயது, மிஞ்சினால் பரம்பரை.

அந்தச் சிரிப்பை அடக்கியவர் டேவிட் பார்க்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1986இல் அவரும் கிளைவ் ஆஸ்மண்டும் இங்கிலாந்து, வேல்ஸ் வரைபடங்கள் இரண்டை ஒப்பிட்டார்கள். ஒன்று 1920களில் கைக்குழந்தைகள் அதிகம் இறந்த இடங்களைக் காட்டியது. மற்றது 1970களையொட்டி இதயநோயால் பெரியவர்கள் அதிகம் இறந்த இடங்களை. இரண்டும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. இதயநோய் வசதிக்காரர் நோய் என்றால், ஏழைக் குழந்தைகள் செத்த ஊர்களில் அது ஏன் கூட வேண்டும்?

விடை தேட, பிறந்தபோது நிறுக்கப்பட்ட மனிதர்கள் வேண்டியிருந்தது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற தாதி, தன் கீழிருந்த மருத்துவிச்சிகளைக் கொண்டு பிறக்கும் பிள்ளைகளை எல்லாம் நிறுத்து, ஒரு வயதில் மறுபடியும் நிறுத்து, பேரேட்டில் எழுத வைத்திருந்தார். அந்தப் பேரேடுகள் பார்க்கர் கையில் கிடைத்தன. 1989இல் 5,654 ஆண்களின் கணக்கு வெளிவந்தது. ஒரு வயதில் 18 இறாத்தலோ அதற்குக் குறைவோ இருந்தவர்கள், 27 இறாத்தலும் அதற்கு மேலும் இருந்தவர்களைவிட இரண்டரை மடங்குக்கு மேல் இதயநோயால் இறந்திருந்தார்கள். அறுபது, எழுபது வருடம் கழித்து வந்த சாவை ஒரு வயதுப் பிள்ளையின் நிறை முன்கூட்டிக் காட்டியிருக்கிறது. மருத்துவத்தில் எனக்குத் தெரிந்த வியப்பான கணக்குகளில் இது ஒன்று.

வெள்ளைக்காரன் ஊர்க் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நமக்கு நெருங்கிய கணக்கும் இருக்கிறது. மைசூரில் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு ஆஸ்பத்திரியில் 1934 முதலான பிரசவப் பதிவுகள் பத்திரமாக இருந்தன. கெரோலைன் ஃபாலும் அவருடைய குழுவும் அங்கே 1934க்கும் 1954க்கும் இடையில் பிறந்த 517 பேரைத் தேடிப்பிடித்து இதயத்தைச் சோதித்தார்கள். முடிவு 1996இல் வந்தது. இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவுமாகப் பிறந்தவர்களில் 100க்கு 11 பேருக்கு இதயநோய். 3.2 கிலோவும் அதற்கு மேலுமாகப் பிறந்தவர்களில் 100க்கு 3 பேருக்கு.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அதன் கதை நேரானது. இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அமைப்புகளுக்கு நெஃப்ரோன் என்று பெயர். ஒரு சிறுநீரகத்தில் சராசரியாக 10 லட்சம். இவை எல்லாம் கர்ப்பத்தின் 36ஆம் கிழமைக்குள் உருவாகி முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு எத்தனை முட்டை, எத்தனை கோப்பைப் பால் கொடுத்தாலும் ஒன்றே ஒன்று கூடக் கூடாது. தாய்க்கு உணவு போதாதபோது, நஞ்சுக்கொடி வழியாக வரும் கொஞ்சத்தைக் கரு முதலில் மூளைக்கு அனுப்புகிறது. சிறுநீரகத்துக்கும் கணையத்துக்கும் தசைக்கும் மிச்சம்தான். அப்படிப் பிறந்த பிள்ளை குறைந்த எண்ணிக்கை நெஃப்ரோன்களோடு வாழத் தொடங்குகிறது. ஒவ்வொன்றும் அதிக அழுத்தத்தில் வேலை செய்ய வேண்டும், சீக்கிரம் தேய வேண்டும். 2003இல் ஜெர்மனியில், விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களை எண்ணிப் பார்த்தார்கள். உயிரோடிருந்தபோது இரத்த அழுத்தம் இருந்தவர்களுக்குச் சிறுநீரகம் ஒன்றுக்கு 7 லட்சம் அளவில் இருந்தன. அதே வயதில் அழுத்தம் இல்லாதவர்களுக்கு 14 லட்சம். எண்ணப்பட்டவர்கள் இருபதே பேர். ஆனால் வித்தியாசம் சரிபாதி.

கணையத்தின் கதையும் இதே வழியில்தான் போகிறது. இன்சுலின் சுரக்கும் உயிரணுக்கள் குறைவாக உருவாகின்றன. சீனியை வாங்கி எரிக்க வேண்டிய தசையும் குறைவு. பட்டினிக்குத் தயாரான உடம்பு பட்டினியிலேயே இருந்தால் ஓரளவு ஓடிவிடும். பிறகு கோதுமை மாவும் சீனியும் பிஸ்கட்டும் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கும்போது தடுமாறுகிறது. ஹெல்சிங்கியில் பிறந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தபோதும் இது தெரிந்தது. சிறிதாகப் பிறந்து, இரண்டு வயதில் மெலிந்திருந்து, அதற்குப் பிறகு வேகமாக நிறை கூடியவர்களைத்தான் இதயநோய் அதிகம் பிடித்தது.

பூனாவில் சித்தரஞ்சன் யாஜ்னிக் கண்டது இன்னும் நுட்பமானது. அங்கே கிராமத்துப் பிள்ளை சராசரியாக 2.7 கிலோ அளவில் பிறக்கிறது, இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பிள்ளை 3.5 கிலோ. குறைந்த 800 கிராம் எங்கே போயிற்று? தசையிலும் வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளிலும். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளே அளவுக்கு மிஞ்சிய கொழுப்பு. நம் ஊரில் ஒட்டிய கன்னத்தோடு இருக்கும் ஒருவருக்குச் சீனி வருத்தம் வந்தால், "இந்த ஒடம்புக்கு எப்பிடி?" என்று சனம் அதிசயப்படும். பூனாவின் தராசு அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது.

இனிப் பஞ்சத்துக்கு வருவோம். 1944, 45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு வராமல் மறித்தது. ஒரு ஆளுக்கு நாளைக்கு 400 முதல் 800 கலோரி வரை வந்து நின்ற மாதங்கள் உண்டு. அப்போது வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தபோது, சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. 2008இல் இன்னொரு படி. அந்தப் பஞ்சத்தின்போது கருவானவர்களின் மரபணு ஒன்றில், அதன் வேலையைக் கூட்டிக் குறைக்கும் வேதியியல் முத்திரை, உடன்பிறந்தவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. ஆறு பத்தாண்டு கழித்தும் அழியாமல்.

நெதர்லாந்துப் பஞ்சம் சில மாதத்தில் தீர்ந்தது. பிறகு பாலும் பாலாடைக்கட்டியும் திரும்பி வந்தன. தோட்டத்துப் பஞ்சம் தீர்ந்த பிறகு திரும்பி வந்தது ரொட்டியும் தேத்தண்ணியும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பெண் சிசுவின் சினைப்பையில் அதன் வாழ்நாளுக்கான முட்டைகள் எல்லாம் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. 1974இல் ஒரு தாய் வயிற்றில் பெண் பிள்ளை இருந்தது என்றால், அந்தப் பெண் 1998இல் பெறப்போகும் மகளின் பாதியும் அந்தப் பட்டினிக்குள்தான் இருந்தது. அந்த மகளுக்கு இப்போது பிள்ளை பெறும் வயது. இன்று பிள்ளையின் வளர்ச்சிக் கார்டோடு நிறை பார்க்க வந்து நிற்கும் தாய் அவளாகவே இருக்கலாம்.

இலங்கைக்கு இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. 1985இல் ராக்ஃபெல்லர் நிறுவனம், குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் என்ற தலைப்பில் உலகுக்கு எடுத்துக்காட்டிய நான்கு இடங்களில் இலங்கையும் ஒன்று. மற்றவை கேரளம், சீனா, கொஸ்டாரிக்கா. இலவச வைத்தியசாலை, இலவசப் பள்ளிக்கூடம், வீடு தேடி வரும் மருத்துவமாது. அத்தனையும் உண்மை. ஆனால் அந்த ஏற்பாடு தோட்டத்து எல்லைக்கல்லில் நின்றது. உள்ளே 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோட்ட நிர்வாகமே மருந்தும் கட்டிலும் கொடுக்க வேண்டும். 1948இல் தோட்டத்தவர்களின் பிரஜாவுரிமை போனதும் கேட்க வாயும் இல்லாமல் போயிற்று. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கியதே 1990களில். விளைவு எண்ணில் தெரிகிறது. 2016இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 100க்கு 17. தோட்டப்புறத்தில் 32. பத்து வருடத்துக்கு முன் இது 40ஆக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறைகிறது. ஆனாலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

குள்ளமாக இருந்தால் என்ன, எங்கள் பரம்பரையே அப்படித்தான் என்று தோட்டத்திலேயே சொல்வார்கள். உயரம் பரம்பரையில் வருவதுதான். ஆனால் இரண்டு வயதுக்குள் வரும் குட்டைக்குப் பரம்பரையைவிட வயிற்றோட்டமும் காய்ச்சலும் சாப்பாடும்தான் அதிகம் பொறுப்பு. ஓடைத் தண்ணியில் வரும் கிருமிகள் குடலின் உட்சுவரைத் தேய்த்துக்கொண்டே இருக்கின்றன. சாப்பிடுவதில் ஒரு பங்கு உடம்பில் சேராமலே போகிறது. மிலாறு எரியும் அடுப்பும் சின்னக் காம்பராவும் சேர்ந்து புகையை உள்ளேயே வைத்திருக்கின்றன. கர்ப்பிணி சுவாசித்தால் பிள்ளை நிறை குறையும், பிள்ளை சுவாசித்தால் நுரையீரல் வளர்ச்சி குறையும். தண்ணியையும் புகையையும் பற்றி நிறையச் சொல்லியாகிவிட்டது. குறைவாகப் பேசப்படுவது தாயின் வேலை.

கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணின் நாளைப் பாருங்கள். விடிய முன் எழும்பி ரொட்டி தட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் அனுப்பி, பெரட்டுக்குப் போய், மலையேறி, கூடையை நெற்றியில் மாட்டினால் பின்னேரம்தான் இறக்குவாள். 18, 20 கிலோ என்று வைத்த நிறை வந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். வராவிட்டால் அரைப்பேர். கொழுந்தை நாளைக்கு இரண்டு மூன்று தடவை நிறுக்கிறார்கள், கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்துவிட்டு. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காக அவளை நிறுப்பது கிளினிக் நாளில் மட்டும். பூனாக் குழு இதையும் பார்த்திருக்கிறது. வயல் வேலை, தண்ணி தூக்குவது என்று கர்ப்ப காலத்தில் கடுமையாக உழைத்த பெண்களின் பிள்ளைகள் சிறிதாகப் பிறந்தன, தலைச் சுற்றளவும் குறைவு. 28ஆம் கிழமையில் கீரையும் பழமும் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகள் பெரிதாகப் பிறந்தன. அது சமதரையை ஒட்டிய ஊர். நம்முடையது செங்குத்து.

தேத்தண்ணியைப் பற்றியும் ஒரு சொல். ரொட்டியோடு சாயம் கூடிய வெறுந்தேத்தண்ணி குடித்தால், ரொட்டியிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச் சத்தில் பெரும்பங்கைத் தேயிலையின் சாயப்பொருள் பிடித்துக்கொள்கிறது. குடலுக்கு வருவது கொஞ்சம். 1975இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். கர்ப்பிணிக்கு இரத்தச்சோகை இருந்தால் பிள்ளைக்குப் போகும் ஒட்சிசனும் குறையும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் இந்த இழப்பு குறையும். மலையில் அரை மணி நேரம்தான் சாப்பாட்டுக்கு என்றால் அந்த ஒரு மணித்தியாலம் எங்கிருந்து வரும்?

ஊவாவுக்கென்றே ஒரு பருவமும் உண்டு. ஜூலை தொடங்கிச் செப்டெம்பர் வரை வரண்ட கச்சான் காற்று மலையைத் தாண்டி இறங்கும். அந்த வரட்சியில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன வாசம் ஏறுகிறது. ஏலத்தில் விலையும் ஏறுகிறது. கொழுந்து குறைகிறது, பேரும் குறைகிறது, ஊற்றும் வற்றுகிறது. காம்பியாவின் கெனெபாவிலும் பக்கத்துக் கிராமங்களிலும் பஞ்ச மாதங்களில் பிறந்தவர்களையும் அறுவடை மாதங்களில் பிறந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 1997இல் வந்தது. பதினைந்து வயது வரை இரு சாராருக்கும் வித்தியாசமில்லை. அதற்குப் பிறகு பஞ்ச மாதப் பிள்ளைகள் கூடுதலாக இறக்கத் தொடங்கினார்கள். இருபத்தைந்தைத் தாண்டியபோது அந்த ஆபத்து பத்து மடங்காகியிருந்தது. பிறந்த மாதத்துக்கு இவ்வளவு கனம் இருக்கிறது என்றால், கச்சான் மாதத்துக் கர்ப்பங்களைத் தனியாகக் கவனிக்க அது ஒன்றே போதுமான காரணம்.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. ஏழையாய்ப் பிறந்தவர் ஏழையாகவே வாழ்கிறார், புகைக்கிறார், கசிப்புக் குடிக்கிறார், நோய் அதனால் வருகிறது. வயிற்றுக் காலத்தை ஏன் இழுக்க வேண்டும்? நியாயமான கேள்வி. கசிப்பு செய்யும் கேட்டை மறைப்பதற்கும் ஒன்றுமில்லை. நியூசிலாந்தின் டனிடினில் 1972, 73இல் பிறந்த 1,037 பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்க்கிறார்கள். 2002இல் அவர்களின் 26ஆம் வயதுக் கணக்கு வந்தது. ஏழை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இரத்த அழுத்தம், இடுப்பளவு, பல் எல்லாமே மோசம். பெரியவர்களாகி நல்ல வேலைக்கு ஏறியவர்களுக்கும் அந்தத் தழும்பு முழுதாக மறையவில்லை. தோட்டத்திலிருந்து கொழும்புக் கடைக்குப் போன பையன், ஆசிரியராகி பண்டாரவளையில் வீடு கட்டியவர், இவர்களுக்கு நாற்பதிலேயே பிரஷர் வரும்போது "டவுன் சாப்பாடு" என்கிறோம். பாதி விடைதான் அது.

தழும்பு என்றேன், தலையெழுத்து என்று படித்துவிடக் கூடாது. குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை இரண்டு கிராமங்களில் புரதம் சேர்ந்த கஞ்சியும் இரண்டு கிராமங்களில் இனிப்புப் பானமும் கொடுத்தார்கள். இரண்டு வயதுக்குள் கஞ்சி குடித்த ஆண் பிள்ளைகள் வளர்ந்தபோது மணிக்கூலி சராசரியில் 46 சதவீதம் கூட வாங்கினார்கள். மூன்று வயதுக்கு மேல் கஞ்சி கிடைத்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986, 87இல் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 பிள்ளைகளை எடுத்து, ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் போய், பிள்ளையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று தாய்க்குக் காட்டினார். இரண்டு வருடம் மட்டும். இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் 25 சதவீதம் கூடியிருந்தது. அங்கே வெறும் உணவுப் பொட்டலத்துக்கு நீண்டகாலப் பலன் தெரியவில்லை. அதனால் பிள்ளைக்காம்பராவை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாம்மாவுக்குப் பயிற்சியும் ஒழுங்கான சம்பளமும் தமிழில் பேசும் மருத்துவமாதும் இருந்தால், ஜமைக்காவில் நடந்ததை ஹாலிஎலையில் நடத்தத் தடையில்லை.

நம்மிடம் 1973 முதல் திரிபோஷா இருக்கிறது. சோளமும் சோயாவும் சேர்ந்த மா. ஆனால் தாய்க்கென்று வரும் பைக்கற்றை வீட்டில் நாலு வாய் பங்குபோடும், போடாமல் என்ன செய்யும்? கார்டில் கோடு கீழே இறங்கினால் தாய்க்குத்தான் பேச்சு விழுகிறது. "என்ன குடுக்கிறீங்க பிள்ளைக்கு?" "ரொட்டி, பருப்பு, தேத்தண்ணி மிஸ்." "முட்டை குடுங்க, மீன் குடுங்க." அவள் தலையாட்டிவிட்டு வருவாள். முட்டை நல்லது என்று அவளுக்குத் தெரியாதது போலப் பேசுவதுதான் எனக்கு எரிச்சல். 2022 செப்டெம்பரில் கொழும்புக் கணக்கின்படி உணவு விலை ஒரு வருடத்தில் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. அன்று தோட்டச் சம்பளம் நாளுக்கு 1,000 ரூபா. திரிபோஷாவுக்கும் தட்டுப்பாடு. அப்போது வயிற்றில் இருந்தவர்கள் இப்போது முன்பள்ளி வாசலில் நிற்கிறார்கள். அவர்களுடைய ஆயிரம் நாள், வயிற்றில் 270, வெளியே 730, முடிந்துவிட்டது. பெண் பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்கு மேல் வரும் வளர்ச்சியில் கொஞ்சம் மீட்கலாம். பள்ளிச் சாப்பாடும் இரும்பு மாத்திரையும் இருபதுக்கு முன் பிள்ளை பெறாமல் இருப்பதும் அங்கே உதவும். அடுத்த கர்ப்பத்துக்கு அது முதலீடு.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யக்கூடியது ஒன்று மருந்துப் பெட்டிக்குள் இல்லை, வேலைநாள் பதியும் செக்ரோலில் இருக்கிறது. நாலாம் மாதம் முதல் கர்ப்பிணிக்கு நிறை பார்க்காமல் முழுப்பேர், சரிவில்லாத இடத்தில் இலகுவான வேலை. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாவில் மாதம் 25 பேர், ஐந்து மாதம் என்று போட்டால் ஒரு தாய்க்கு 168,750 ரூபா. இதில் பாதிக்கு மேல் அவள் எப்படியும் கூடையைச் சுமந்து எடுக்கிற காசுதான். மிச்சத்தைக் கம்பெனி போடுவதா, அரசாங்கம் போடுவதா என்பதைச் சம்பளப் பேச்சில் ஒரு தடவையாவது மேசையில் வைத்துப் பேசலாம்.